உருகு கம்பியும் துக்க காரணமும்

ஒளியை விரும்பாதார் உலகில் இல்லை. ஆயின், இருள் எதனால் வந்தது என்று பொறுமையோடு ஆராய்வோர் மிகச் சிலரே. பகவான் புத்தர் துக்கம் உண்டு என்று சொன்ன அளவில் நின்றிருப்பாராயின், அவரைப் பத்தோடு பதினொன்றாம் துறவியாக எண்ணி உலகம் மறந்திருக்கும். துக்கம் உண்டென்பது தொட்டிலில் அழும் குழந்தைக்கும் தெரிந்ததே. அதற்குக் காரணம் உண்டு, அக்காரணம் அறியத் தக்கது, அறிந்தால் நீக்கத் தக்கது, நீக்குதற்கு ஒரு நெறியும் உண்டு என்று வரிசைப்படுத்திக் காட்டியதிலேதான் ததாகதரின் பெருமை விளங்குகின்றது.

இவ்வுண்மையை நாம் வாயால் ஓதுகின்றோம்; விகாரையில் தலைவணங்கி ஏற்கின்றோம். ஆனால் வீட்டிலும் தொழிலிலும் துன்பம் நேரும்போது காரணத்தைத் தேடுகின்றோமா, அல்லது துன்பத்தின் அறிகுறியை மட்டும் அடக்கிவிட்டு அமைதி கண்டோம் என்று மகிழ்கின்றோமா? மேலும், அறிகுறியை மட்டும் அடக்கித் தருமாறு பிறர் ஒருவர் நம்மை வேண்டினால், அங்ஙனம் செய்து கூலி பெறுவது அறமாகுமா? இவ்வினாவை வானத்தில் வைத்து ஆராயாமல், நம்மவர் பலர் நாள்தோறும் கையாளும் ஒரு தொழிலில் வைத்து ஆராய்வோம்.

வண்டியும் விளக்கும்

மின்சாரம் நம்மவர்க்குப் புதியதன்று. 1902-ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து சுமார் 90 மைல் தொலைவு கம்பி வழியே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அச்சுரங்கங்களில் உழைத்தோருள் பெரும்பாலார் தமிழர். பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சென்னையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கம் வேரூன்றித் தழைத்த இடங்களுள்ளும் தங்கவயல் தலைசிறந்தது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவ்வட்டாரத்தில் வண்டி ஓட்டியும், வண்டிகளுக்கு ஒயரிங் வேலை செய்தும் பிழைப்போர் உளர்.

தக்காளிச் சந்தைக்குப் பெயர்பெற்ற கோலாரிலிருந்து சரக்கேற்றி இரவோடிரவாகச் சென்னைக் கோயம்பேட்டுக்குச் செல்லும் ஒரு பிக்கப் வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் பின்புறச் சிவப்பு விளக்குகள் எரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தால் பியூஸ் எரிந்திருக்கிறது. புதிய பியூஸ் செருகியதும் விளக்கு எரிகிறது. சிறிது தூரம் சென்றதும் மறுபடியும் அணைகிறது. இது ஏன்?

வண்டியின் மின்கலம் 12 வோல்ட்டு. அதன் ஒரு முனை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு, அதாவது சேசிஸோடு, இணைக்கப்பட்டுள்ளது. இதனை எர்த் என்பர். ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கம்பியே செல்கிறது; திரும்பும் பாதை வண்டியின் உடலேயாகும். முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு, எண் பலகைக்கு ஒன்று என 5 வாட்டு பல்புகள் ஐந்து எரிவதாகக் கொண்டால் மொத்தம் 25 வாட்டு. அதற்கு வேண்டிய மின்னோட்டம் ஏறத்தாழ 2 ஆம்பியர்தான். அதே மின்கலம் எஞ்சினைக் கிளப்பும்பொருட்டு நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைத் தர வல்லது. செல்லும் கம்பியின் மேலுறை எங்கேனும் தேய்ந்து, உள்ளிருக்கும் செம்பு சேசிஸைத் தொட்டுவிட்டால், மின்சாரம் பல்பு வரை செல்லாது குறுக்குவழியே பாய்கின்றது. அதனையே ஷார்ட் என்கின்றோம். அப்போது பாயும் வெள்ளத்தைக் கம்பி தாங்காது. கம்பி தீப்பற்றுமுன் பியூஸ் தன்னை உருக்கிக்கொண்டு பாதையைத் துண்டிக்கிறது.

எனவே பியூஸ் எரிவது கேடன்று; கேட்டினின்றும் காக்கும் அறிவிப்பு. அது வண்டியின் நோவு. நோவு இல்லாத உடல் நெருப்பில் கை வைத்ததையும் அறியாது.

நான்கு பொய் விடைகள்

இந்நிலையில் மனிதர் கூறும் விடைகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, "பியூஸ் மட்டமானது, பெரிதாகப் போடு" என்பது. இக்கால வண்டிகளில் பியூஸ்களின் அளவை நிறத்தால் அறியலாம். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. சிவப்பு இருந்த இடத்தில் பச்சையைச் செருகினால் அது எளிதில் உருகாது; உண்மைதான். ஆனால் கம்பியில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஓட்டம் மும்மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்காகும். அப்போது பியூஸ் உருக வேண்டிய இடத்தில் கம்பியே உருகும். பக்கத்துக் கம்பிகளின் உறையும் எரியும். பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியை முறுக்கி வைப்பவனோ, காவற்காரனைக் கொன்றுவிட்டு இனிக் கூச்சல் இல்லை என்று மகிழ்பவனை ஒப்பான்.

இரண்டாவது, "திருஷ்டி பட்டுவிட்டது" என்பது. வண்டியின் முகப்பில் தொங்கும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஓர் ஆம்பியரையும் தடுத்ததில்லை.

மூன்றாவது, "முன்பு வேலை செய்தவன் கெடுத்துவிட்டான்" என்பது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அவனை ஒரு நாழிகை வைதுவிட்டு எழுந்தால் கம்பி இருந்த இடத்திலேயே உராய்ந்துகொண்டிருக்கும்.

நான்காவது, "இந்த வண்டியின் ராசி அப்படி" என்பது. நான்கிலும் கொடியது இதுவே. முதல் மூன்றும் தவறான இடத்தில் தேடுகின்றன. இதுவோ தேடுதலையே நிறுத்திவிடுகின்றது.

காண்டலும் கருத்தும்

காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கையில், மெய்யறிவுக்குரிய அளவைகள் காண்டலும் கருத்தும் என இரண்டே என்று தெளிவிக்கின்றார். நேரே காண்பது ஒன்று. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது மற்றொன்று. புகையும் நெருப்பும் அங்கே எடுத்துக்காட்டு. இன்ன பொருள் உள்ள இடத்தில் இன்னது உண்டு, இல்லாத இடத்தில் இல்லை என்று இருபுறமும் சோதித்தே முடிவு கட்ட வேண்டும் என்பது அத்தருக்கத்தின் சாரம். நல்ல எலக்ட்ரீஷியன் அக்காப்பியத்தைப் படித்திராவிடினும், அவன் செய்வது இதுவே.

அவன் முதலில் எரிந்த பியூஸை எடுத்துவிட்டு, அதன் இரு முனைகளுக்கும் இடையே 21 வாட்டு பல்பு ஒன்றை இணைக்கிறான். இதுவே டெஸ்ட் லாம்ப். ஷார்ட் எவ்வளவு கடுமையாயினும் இப்பல்பின் வழியே 2 ஆம்பியருக்கு மேல் பாய இயலாது. ஆகவே கம்பிக்கு ஊறில்லை. பின்னர் வண்டியின் விளக்குப் பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு ஸ்விட்சைப் போடுகிறான். டெஸ்ட் லாம்ப் முழு ஒளியோடு எரிந்தால், மின்சாரம் எங்கோ குறுக்குவழியில் சேசிஸை அடைகிறது என்பது உறுதி. கருவிப் பலகையின் சிறு விளக்குகளால் மங்கலான ஒளி தோன்றலாம். அதனைக் கண்டு மயங்கலாகாது.

இனி, பின்புறம் செல்லும் கம்பிக்கற்றையின் கனெக்டரைப் பிரிக்கிறான். டெஸ்ட் லாம்ப் அணைந்ததா? பழுது பின்புறத்தில் உள்ளது. அணையவில்லையா? முன்புறத்தில் தேட வேண்டும். அணைந்ததெனில் அதை மீண்டும் சேர்த்துவிட்டு, வலப்பக்கக் கிளையைப் பிரிக்கிறான். அதன்பின் இடப்பக்கக் கிளையை. ஒவ்வொரு சோதனையும் தேடவேண்டிய இடத்தைக் குறைக்கின்றது. ஐந்தாறு சோதனைகளில் வண்டி முழுவதும் பரந்திருந்த ஐயம் ஒரு முழக் கம்பிக்குள் அடங்கிவிடுகின்றது. அங்கே அவன் விளக்கைப் பிடித்துக் கண்ணால் காண்கிறான்: சேசிஸின் துளை வழியே கம்பி நுழையுமிடத்தில் ரப்பர் புஷ் இல்லை, இரும்பின் விளிம்பு மேலுறையை அறுத்திருக்கிறது, செம்பு பளபளக்கிறது.

அவன் செய்த ஒவ்வொன்றையும் நோக்குங்கள். யார் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்கவில்லை. பலரும் சொல்கின்றனர் என்பதற்காகவும் ஏற்கவில்லை. கேசபுத்த நகரத்துக் காலாமர்களுக்குப் பகவர் கூறிய அறிவுரை, எண்ணெய்க் கறை படிந்த அந்தக் கைகளில் உயிரோடு இருக்கின்றது.

பாரம் ஏறினால் மட்டும்

ஆயினும் எல்லாப் பழுதும் இவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை. வண்டி வெறுமையாக நிற்கும்போது டெஸ்ட் லாம்ப் அணைந்தே இருக்கும். குற்றம் ஏதுமில்லை என்றே தோன்றும். சரக்கு ஏறியதும் பட்டைவில்கள் தாழ்கின்றன. மேற்பெட்டிக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகுகின்றது. அறுபட்ட கம்பி அப்போதுதான் இரும்பைத் தொடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும் கணத்தில் மட்டும் தொடுவதும் உண்டு. இதனை அறிந்தவன் வெறும் வண்டியைச் சோதித்துவிட்டுச் சரியாயிற்று என்று அனுப்பமாட்டான். கம்பிக்கற்றையைக் கையால் அசைத்துப் பார்ப்பான். பாரத்தோடு நிறுத்திப் பார்ப்பான்.

இங்கே ஏது என்பதும் சார்பு என்பதும் வேறுபட்டு விளங்குகின்றன. பாரம் பழுதை உண்டாக்கவில்லை. மறைந்திருந்த பழுது வெளிப்படுவதற்குச் சார்பாயிற்று. பாரத்தைப் பழிப்பவன், வண்டி எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதையே மறந்தவன்.

மேலும், பழுதைக் கண்ட இடத்தில் டேப்பைச் சுற்றிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. பியூஸ் உருகியது மிகை மின்னோட்டத்தால். அது வந்தது செம்பு சேசிஸைத் தொட்டதால். தொட்டது மேலுறை தேய்ந்ததால். தேய்ந்தது விளிம்பில் உராய்ந்ததால். உராய்ந்தது ரப்பர் புஷ் இன்மையால். புஷ் இல்லாது போனது, வேறொரு கம்பியை நுழைக்க அதனைக் கழற்றியவன் மீண்டும் பொருத்தாத கவனமின்மையால். மணிமேகலை கூறும் பன்னிரு சார்புகள் பேதைமையில் தொடங்கி வினைப்பயனில் முடிகின்றன. இச்சிறு சங்கிலியையும் பின்னோக்கிச் சென்று பார்த்தால் அதன் தலைப்பில் நிற்பது பேதைமையே. ஆகவே நல்ல தொழிலாளி அறுபட்ட பகுதியை வெட்டி நீக்கி, புதிய கம்பியைப் பற்றவைத்து, உறையிட்டு, புஷ் பொருத்தி, கம்பி விளிம்பைத் தொடாதபடி கிளிப் வைத்துக் கட்டி, அதன்பின் அதே 10 ஆம்பியர் சிவப்புப் பியூஸைச் செருகுகின்றான். காவற்காரன் மீண்டும் தன் இடத்தில் நிற்கின்றான்.

முற்பிறப்பின் மீது பழி

இனி நம் சமூகத்துக்கு நெருங்கிய ஒரு வினாவுக்கு வருவோம். நம் முன்னோர் இழிவுபடுத்தப்பட்டபோது, குடிக்கும் நீரும் நடக்கும் தெருவும் மறுக்கப்பட்டபோது, காரணம் யாதெனக் கேட்டவர்களுக்கு இந்நாட்டார் தந்த விடை என்ன? முற்பிறப்பில் நீ செய்த பாவம் என்பதே. இது "வண்டியின் ராசி" என்னும் நான்காம் விடையே அன்றி வேறன்று. சோதிக்க முடியாதது, மறுக்க முடியாதது, தேடுபவன் கையிலிருந்து விளக்கைப் பிடுங்கிக்கொள்வது.

பௌத்தமும் வினைக்கொள்கையைக் கூறுகிறதன்றோ என்று சிலர் வினவுவர். இராசகிருகத்து வேணுவனத்தில் மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் பகவரிடம் இதனையே கேட்டான். மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையால்தான் என்று சிலர் கூறுகின்றனரே, அது சரியா என்றான். பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடத்தை, பிறருடைய தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவர் எண்ணிக் காட்டி, எல்லாவற்றையும் முன்வினை மீதே ஏற்றுவோர் தாமாகவே அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஒப்புவதையும் கடந்து பேசுகின்றனர் என்று மறுத்தார். அந்த எட்டினுள் பிறருடைய தாக்குதலும் ஒன்று என்பதை ஒவ்வொரு பௌத்தரும் உள்ளத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அடித்தவன் இருக்க, அடிபட்டவனின் முற்பிறப்பைத் தேடுவது தம்மமன்று.

அப்படியாயின், அம்பு பட்டவனின் உவமையில் பகவர் கேள்விகளையே விலக்கினாரே என்று மற்றொரு தடை எழலாம். நச்சம்பு தைத்தவன், எய்தவன் எக்குலத்தான், நெட்டையனா குட்டையனா, எந்த ஊரான் என்றெல்லாம் அறிந்தாலன்றி அம்பைப் பிடுங்க விடேன் என்றால் இறந்துபடுவான். அங்கே விலக்கப்பட்டவை அம்பைப் பிடுங்க உதவாத வினாக்களே. அம்பு எங்கே தைத்தது, எவ்வளவு ஆழம், எப்படி எடுப்பது என்று கேட்கும் வைத்தியனை எவரும் விலக்கார். கம்பி எங்கே தொடுகிறது என்பது அத்தகைய வினா. எந்தக் கேள்வி கையைப் பழுதின் அருகே கொண்டு செல்கிறதோ அதுவே கேட்கத் தக்கது.

கேட்டதைக் கொடுப்பதா?

மாலை மயங்குகிறது. தக்காளி ஏற்றியாயிற்று. "அண்ணா, எப்படியாவது எரிய வையுங்கள், விடிவதற்குள் கோயம்பேட்டில் இருக்க வேண்டும், நேரம் தவறினால் வாடகையும் போகும், நாளைய சவாரியும் போகும்" என்கிறார் ஓட்டுநர். அவர் சொல்வது பொய்யன்று. அவருக்கும் கடன் உண்டு, குழந்தைகள் உண்டு. ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வைத்தால் விளக்கு உடனே எரியும். கூலியும் நன்றியும் கிடைக்கும். அவர் கேட்டதைத்தானே கொடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அவர் உண்மையில் கேட்டது யாது? நலமாகப் போய்ச்சேர வேண்டும் என்பதே. எரிய வையுங்கள் என்னும் சொல் அவ்விருப்பத்தின் மேலுறை. நள்ளிரவில் கம்பி புகைந்தால் அவர் உயிருக்குக் கேடு; ஒருவாறு அணைந்துபோனாலும், பின்னே விரைந்து வரும் வண்டிக்காரனுக்கு முன்னே ஒரு வண்டி நிற்பதே தெரியாது. அவன் யாரென நாம் அறியோம். அவன் நம்மிடம் எதையும் கேட்கவில்லை. ஆயினும் அவன் உயிரும் நம் கையிலுள்ள ஸ்க்ரூ டிரைவரில் தொங்குகின்றது. நல்வாழ்க்கை என்று எண்வகை நெறியில் கூறப்பட்டது இதுவே. நஞ்சும் ஆயுதமும் விற்காதிருந்தால் போதும் என்று நினைப்போர், பழுதை மறைத்துச் சரியாயிற்று என்று சொல்லுவதும் பொய்ம்மை என்பதை எண்ணுக.

அப்படியானால் ஏழை ஓட்டுநரை நட்டத்தில் விட்டுவிடுவதா? வேண்டுவதில்லை. கருணைக்கு உபாயமும் வேண்டும். பழுதான கிளையைப் பிரித்து ஒதுக்கிவிட்டு, பின்விளக்குகளுக்கு மட்டும் தனிக் கம்பி ஒன்றை, அதற்குரிய பியூஸோடு, விளிம்புகளில் படாதவாறு வெளியே கட்டி அனுப்பலாம். ஆனால் அனுப்புமுன், "இது இன்றிரவுக்கு மட்டும், பழுது இன்ன இடத்தில் இன்னும் இருக்கிறது, திரும்பியதும் வண்டியைக் கொண்டுவாருங்கள்" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தற்காலிகம் என்று சொல்லிச் செய்த தற்காலிக உதவி அறம். நிரந்தரம் என்று சொல்லிச் செய்தால் அதுவே வஞ்சனை. இரண்டிலும் கம்பி ஒன்றுதான். உண்மைச் சொல் ஒன்றே வேறுபாடு.

நம் இல்லங்களில்

தம்ம சோதரர்களே! இந்த ஆராய்ச்சி பட்டறையோடு முடிவதன்று. நம் பிள்ளை ஒருவன் கல்லூரியிலிருந்து சினத்தோடு வீடு திரும்புகிறான், உண்ண மறுக்கிறான், உரக்கப் பேசுகிறான். "வாயை மூடு, ஊரோடு ஒத்துப் போ" என்று அடக்கிவிடுகின்றோம். வீடு அமைதியாகிறது. அது பச்சைப் பியூஸ் செருகிய அமைதி. அவனை அங்கே யார் என்ன சொன்னார்கள், எந்தச் சொல் அவன் உறையை அறுத்தது என்று அருகமர்ந்து கேட்டோமா?

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் தம்மம் ஏற்று, பெருந்திரளான மக்களுக்கு வழங்கிய 22 உறுதிமொழிகளுள் மனிதர் யாவரும் சமம் என்பதும் ஒன்று. அதனை நாம் ஏற்றோம். பழைய பெயர்களை மாற்றினோம்; பழைய படங்களை இறக்கினோம். விழா நாட்களில் ஒரே பந்தியில் அமர்ந்து உண்கின்றோம். குற்றம் ஏதும் காணோம். ஆனால் பெண்ணுக்கு வரன் பார்க்கும் நாள் வருகிறது. அன்றைக்கு மெல்லிய குரலில், "அவர்கள் நம்மில் எந்தப் பிரிவு?" என்று ஒரு கேள்வி எழுகின்றது. வெறும் வண்டியில் தெரியாத ஷார்ட், பாரம் ஏறியதும் இரும்பைத் தொடுகிறது. விளக்கு அணைகிறது.

அப்போது கலியாணத்தைப் பழிப்பதா? கேள்வி கேட்ட கிழவியைப் பழிப்பதா? காலம் மாறினால் எல்லாம் மாறும் என்று ராசியின் மீது போடுவதா? பல்பை மாற்றினோம், கம்பியைப் பார்க்கவில்லை என்பதே உண்மை. எந்த அச்சம் அக்கேள்வியைப் பிறப்பித்தது, யாருடைய ஏளனத்துக்கு அஞ்சுகின்றோம், எந்தப் பழைய விளிம்பில் நம் உள்ளம் இன்னும் உராய்கின்றது என்று கிளை கிளையாகப் பிரித்துச் சோதிக்க வேண்டியவர் நாமே. அச்சோதனை சங்கக் கூட்டத்தின் வெறுமையான மேடையில் நடைபெறாது. நம் சொந்த மகன், சொந்த மகளின் மணப்பேச்சு என்னும் பாரத்தோடு நடைபெற வேண்டும்.

பேராசிரியர் இலட்சுமி நரசு விஞ்ஞானம் கற்பித்தவர். 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை நூலாக்கி உலகுக்குத் தந்தவர். தம்மமும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று அஞ்ச வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று. காரணத்தைத் தேடும் கையில் இரண்டும் கூடுகின்றன. துன்பம் எழும்போது அதன் குரலை அடக்காதிருப்போம். விதியென்று விளக்கை அணைக்காதிருப்போம். இன்னார் என்று வைதுகொண்டு நிற்காதிருப்போம். தொடும் இடம் எதுவெனக் காணும்வரை பொறுமையோடு ஒவ்வொரு கிளையாகப் பிரித்துப் பார்ப்போம். கண்டபின் டேப்பைச் சுற்றி மறைக்காமல், அறுக்கும் விளிம்பையே நீக்குவோம். அதன்பின், பாரம் ஏறட்டும், இரவு நீளட்டும், பின்னே வருவோர்க்கும் நம் விளக்கு வழிகாட்டும்.